முதுகில் சுமக்கும் கூரை

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் எல்க் மான் வேட்டை பெருமளவு பொது நிலத்தில், தேசிய வனங்களில் நடக்கிறது. அந்த வனங்களுக்குள் சாலை எட்டாத பெரும் பரப்புகள் உண்டு. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்துக்குப் பிறகு அவற்றில் பலவற்றுக்குள் மோட்டார் வண்டி போக முடியாது. சைக்கிளுக்குக்கூட அனுமதி கிடையாது. உள்ளே போக வேண்டுமானால் நடக்க வேண்டும், இல்லையென்றால் குதிரையோ கோவேறு கழுதையோ வேண்டும். விலங்கு வைத்திருப்பவர்களுக்குத் தங்குமிடம் ஒரு பிரச்சினையே இல்லை. சதுர மீட்டருக்கு 340 கிராம் எடையுள்ள கித்தானில் தைத்த, சுவர் வைத்த கூடாரம், அதற்குள் இரும்பு அடுப்பு, மடக்குக் கட்டில்கள் என்று ஒரு சிறு குடித்தனத்தையே கழுதை முதுகில் ஏற்றிவிடுகிறார்கள். கூடாரத் துணி மட்டுமே 20 கிலோவுக்கு மேல் வரும். தன் முதுகில் சுமப்பவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஐந்தாறு நாளைக்கு உணவு, உறங்குபை, துப்பாக்கி அல்லது வில், மழையுடை, கத்தி, இறைச்சிப் பைகள் எல்லாம் சேர்ந்து 20 முதல் 25 கிலோ வரை போகும் சுமையில் கூரைக்கு மிஞ்சுவது ஒன்றிலிருந்து இரண்டு கிலோ. அந்த ஒன்றிரண்டு கிலோவுக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் இத்தனை வாதமும்.

இங்கே சொல்லப்படுபவை கொலராடோவின் சான் யுவான் மலைகளில், குறிப்பாக வெமினூச் வனாந்தரத்தில், இரண்டு கூட்டாளிகள் கழித்த இலையுதிர்காலங்களின் நினைவிலிருந்து வருபவை. 1975-இல் அறிவிக்கப்பட்ட வெமினூச் ஏறக்குறைய 5 லட்சம் ஏக்கர் பரப்புள்ளது. அந்த மாநிலத்தின் வனாந்தரங்களில் மிகப் பெரியது. கூட்டாளிகளில் ஒருவர் அங்கேயே பிறந்து வளர்ந்து அப்பாவிடம் வேட்டை கற்றவர். மற்றவர் வேலை நிமித்தம் டென்வருக்குக் குடிபெயர்ந்த தமிழர். துப்பாக்கியைத் தொட்டதில்லை, சுமையிலும் சமையலிலும் பங்கெடுத்துக்கொண்டார். இதை எழுதுபவர் அந்த இரண்டாமவர். சுடப் போகிறவரைவிடச் சும்மா இருப்பவருக்குக் கூடாரத்துக்குள் கழியும் நேரம் அதிகம். அதனால் அதன் குணமும் குற்றமும் அவருக்கு நன்றாகவே பழகியிருந்தன.

எடை குறைந்த கூடாரங்களைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் நெடுந்தூரம் நடப்பவர்களை நினைத்துச் சொல்லப்பட்டவை. நடைப்பயணி கோடையில் போகிறார். மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே நல்ல இடமாகப் பார்த்து நிற்கிறார், தூங்கி எழுந்து காலையில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார். வேட்டைக்காரரின் நாள் வேறு மாதிரி. எல்க் மேய்ச்சலுக்கு வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும் என்பதால், அவர் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறார். கடைசி வெளிச்சம் போகும்போது அவர் ஏதோ ஒரு தொலைவான முகட்டில் இருப்பார். தலைவிளக்கோடு இறங்கி வரும்போது இடுப்புயர வில்லோப் புதர்கள் கால்சட்டையைப் பிழியும் அளவுக்கு நனைத்திருக்கும். பகல் முழுவதும் கூடாரம் ஆளில்லாமல் நிற்கிறது. காற்று எழுந்தால் கயிற்றை இழுத்துக் கட்ட யாரும் இல்லை. சில நாள் மேகம் இறங்கி மலையே தெரியாமல் போகும். அன்று வெளியே போய்ப் பயனில்லை, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வேட்டை கைகூடினாலோ வேறு சிக்கல். வளர்ந்த ஆண் எல்க் ஒன்றிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி மட்டுமே 90 கிலோ அளவுக்கு வரும். அதைச் சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் மூன்று நான்கு நடை நடக்க வேண்டும், முகாமைக் கொண்டுபோவது தனி.

ஆகவே தராசில் காட்டும் எடை ஒரு பதில்தான், முழுப் பதில் அல்ல. நனைந்து வந்தவரை உலர வைக்குமா, ஆளில்லாதபோது நிற்குமா, இருட்டில் விரல் மரத்துப்போன கையால் கட்ட முடியுமா, எந்தத் தரையில் நிற்கும் என்ற கேள்விகளுக்குப் பிறகுதான் கிராம் கணக்கு வர வேண்டும்.

இவற்றில் தரையைப் பற்றிய கேள்வியையே முதலில் வைக்க வேண்டும். கடையில் கூடாரம் வாங்குகிறவர் கம்பளம் விரித்த சமதளத்தில் அதைப் பார்க்கிறார். எல்க் இருக்கும் மலையில் சமதளம் என்பது அபூர்வம். சான் யுவானில் 3,000 மீட்டருக்கு மேல் பெரும்பகுதி சரிவு. சரிவில்லாத இடங்களில் பாதி சதுப்பு, மீதி விழுந்த மரங்கள். ஒருவர் மட்டும் படுக்கும் நீளத்துக்கு, அதாவது இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடம், சரிவிலும் எங்கேயாவது ஒரு மரத்தின் மேல்பக்கத்தில் அகப்படும். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் வேண்டும் என்றால் அரை மணி நேரம் தேட வேண்டியிருக்கும், சில பள்ளத்தாக்குகளில் கிடைக்கவே கிடைக்காது. பெரிய கூடாரத்தின் உண்மையான விலை அதன் எடையில் இல்லை, அதற்கு வேண்டிய தரையில் இருக்கிறது. இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை; சொல்ல அவர்களுக்குக் காரணமும் இல்லை.

சமதளம் கிடைத்தாலும் உடனே முளை அடித்துவிடக் கூடாது. முதலில் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். சான் யுவானின் ஸ்புரூஸ் காடுகளில் கடந்த இருபதாண்டுகளில் பட்டை வண்டு பரவி, மலைச்சரிவு சரிவாக மரங்கள் செத்து நிற்கின்றன. பட்டமரம் அமைதியான இரவில்கூட எச்சரிக்கை இல்லாமல் விழும். கூட்டாளியின் அப்பா காலத்தில் முகாம் போட்ட இடங்களில் பல இப்போது தங்கத் தகாதவை. நிழலும் காற்றுத் தடுப்பும் தந்த அதே மரங்கள்தான் இப்போது ஆபத்து. உயிருள்ள மரங்களைத் தேடி இன்னும் ஒரு மணி நேரம் நடப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. எந்தக் கூடாரத் துணியும் இந்த ஆபத்தில் உதவாது.

அடுத்தது காற்று. மலையில் வெயில் ஏறியதும் சூடான காற்று சரிவில் மேலேறும், மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும். இறங்கிய குளிர் பள்ளத்தின் அடியில் தேங்குகிறது. அதனால் ஓடைக்கரைப் புல்வெளி பார்க்க அழகாக இருந்தாலும் இரவில் அங்கேதான் குளிர் அதிகம், உறைபனியும் அங்கேதான் முதலில் விழும். ஐம்பது அறுபது மீட்டர் மேலேறிச் சரிவின் ஒரு திட்டில் படுத்தால் பல டிகிரி வித்தியாசம் தெரியும், உறங்குபையும் ஈரமாகாது. வேட்டைக்காரருக்கு இந்தக் காற்றில் இன்னொரு அக்கறை உண்டு. எல்க் மூக்கை நம்பி வாழும் விலங்கு. முகாமின் புகையும் மனித வாடையும் காலைக் காற்றில் மேலேறிப்போகும் பாதையில் எல்க் படுக்கும் காடு இருந்தால், எத்தனை நல்ல கூடாரமானாலும் வேட்டை முடிந்தது. எல்க் இருக்கும் சரிவுக்குப் பக்கவாட்டில், இடையில் ஒரு முகடு வைத்து, தண்ணீரிலிருந்து குறைந்தது முப்பது மீட்டராவது தள்ளி என்று நிபந்தனைகள் சேரச் சேர, முகாமுக்குத் தகுதியான இடங்கள் சுருங்கிக்கொண்டே போகும். சிறிய தரையில் நிற்கக்கூடிய கூடாரத்தின் அருமை அப்போதுதான் தெரியும்.

இடம் பாதியைத் தீர்மானித்தால், மாதம் மறுபாதியைத் தீர்மானிக்கிறது. செப்டம்பர் வில் வேட்டையின் பருவம். ஆண் எல்க் குழலூதுவதுபோல் கத்தி ஒன்றையொன்று சவாலுக்கு அழைக்கும் காலம். பகலில் இதமான வெயில், மதியத்துக்குமேல் இடியும் ஆலங்கட்டியும், இரவில் உறைநிலையை ஒட்டிய குளிர். துப்பாக்கி வேட்டை அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பருக்குள் நீள்கிறது. அந்த வாரங்களில் மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஓரிரவில் முழங்கால் உயரம் பனி விழுவதும் உண்டு. புதுப்பனி லேசானது என்றாலும் சதுர மீட்டருக்கு 30 செ.மீ. உயரம் சேர்ந்தால் 15 முதல் 30 கிலோ வரை கூரையில் உட்காரும்; ஈரப்பனி என்றால் இன்னும் அதிகம். செப்டம்பருக்குப் போதுமான கூரை நவம்பரில் முகத்தின்மேல் படுத்துக்கொள்ளும். ஒரே கூடாரம் இரண்டுக்கும் போதும் என்று நினைப்பவர்கள் இரண்டுக்கும் பொருந்தாத ஒன்றைச் சுமப்பார்கள். நடுவழி என்று ஒன்று உண்டென்றால் அது பிரமிடு வடிவம். அதைப் பற்றிப் பின்னால்.

கூரைகளில் எளியது ஒரு சதுரத் தார்ப்பாய். நம் ஊர் லாரித் தார்ப்பாய் அல்ல. மூன்று மீட்டர் சதுரம் விரித்தாலும் அரைக் கிலோவுக்குள் அடங்கும் சிலிக்கோன் பூசிய நைலான். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி இருபுறமும் சரிவாக இறக்கலாம், ஒருபுறம் மட்டும் சாய்வாகக் கட்டி எதிரே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு படுக்கலாம். ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்பவர் ‘நெஸ்முக்’ என்ற புனைபெயரில் 1884-இல் வெளியிட்ட ‘வுட்கிராஃப்ட்’ நூலிலேயே சுமையைக் குறைத்துக் காட்டுக்குள் போகும் கலை விரிவாகப் பேசப்பட்டுவிட்டது. தார்ப்பாய்க்காரர்கள் அந்தப் பரம்பரை. தார்ப்பாயின் பெரிய பலம் எந்தத் தரையிலும் எந்த வடிவத்திலும் நிற்பது. பகலில் இறைச்சிக்கு நிழலாகும், மழை வந்தால் முகட்டிலேயே இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காரலாம். பலவீனம் பக்கவாட்டு மழை. மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் அது பெரிய குறையல்ல. மரவரம்புக்கு மேலே, ஏறத்தாழ 3,500 மீட்டருக்கு அப்பால், அதுவே தகுதியிழப்பு. கட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அது கூரை. முடிச்சுகள் கையில் பழகாதவர் இருட்டில் தார்ப்பாயோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால், அரைக் கிலோ மிச்சத்துக்கு இத்தனை பாடா என்று தோன்றும்.

பிவி உறை தார்ப்பாயைவிடச் சிறியது. உறங்குபைக்கு மேல் இழுத்துக்கொள்ளும் நீர்தடுப்பு உறை, அவ்வளவுதான். அந்தி வரை ஒரு மந்தையைப் பின்தொடர்ந்து, அது படுத்த இடத்திலேயே தானும் படுத்து, விடியலில் தொடர்பவர்களுக்கு அதைவிட வசதி இல்லை. ஆனால் அதற்குள் உடை மாற்ற முடியாது, சமைக்க முடியாது, மழைநாளைக் கழிக்க முடியாது. மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கி உறங்குபையின் இறகை நாளுக்கு நாள் கனக்கச் செய்யும். ஓரிரவுக்கு நல்லது, நான்கு இரவுகளுக்கு அதை மட்டுமே நம்பிப் போவது வீம்பு.

பிரமிடு வடிவக் கூரையில் நடுவே ஒரே ஒரு கம்பம், நான்கு மூலைகளிலும் முளை. தரைத்துணி கிடையாது. இருவர் படுக்கும் அளவுள்ளது 700 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள். செங்குத்தான சரிவுகளில் பனி தங்காமல் வழிந்துவிடும்; காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒன்றுதான். நான்கு முளையை அடித்துக் கம்பத்தை நிமிர்த்தினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தரைத்துணி இல்லாததைக் கண்டு புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். நனைந்த பூட்ஸோடு நேராக உள்ளே வந்து நின்று, மழையுடையைக் கழற்றி, கீழே சொட்டவிட்டு, பிறகு படுக்கைமேல் உட்காரும் வசதி தரைத்துணி வைத்த கூடாரத்தில் கிடையாது. ஒரு சேற்று வாரம் கழித்த பிறகு யாரும் தரைத்துணியைக் கேட்டதாக நினைவில்லை. குறைகளும் இல்லாமல் இல்லை. எலி வரும், உப்புக்கறை படிந்த பைவாரை இரவோடிரவாகக் கடித்துவைக்கும். அடிவிளிம்புக்கும் தரைக்கும் இடையில் காற்று நுழையும். கொசுக்காலத்தில் அது உதவாது, ஆனால் செப்டம்பர் நடுவுக்குமேல் அந்த உயரத்தில் கொசு பெரும்பாலும் இல்லை.

அந்த ஒற்றைக் கம்பத்தில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. எடை மிச்சம் பிடிக்க, நடக்கும்போது கையில் பிடிக்கும் ஊன்றுகோலையே கம்பமாக வைக்கும்படி பல கூரைகளை வடிவமைக்கிறார்கள். தினமும் இடம் மாறும் நடைப்பயணிக்கு அது கச்சிதம். வேட்டைக்காரரோ முகாமை நிற்கவைத்துவிட்டு ஊன்றுகோலோடு மலையேற வேண்டியவர். இறைச்சிச் சுமையோடு இறங்கும்போது முழங்காலைக் காப்பாற்றுவதும் அந்தக் கோல்தான். கோலை உருவினால் கூரை படுத்துவிடும். 150, 200 கிராமில் ஒரு கார்பன் கம்பம் தனியாகக் கொண்டுபோவது இதற்குச் சரியான தீர்வு. காய்ந்த கிளையை அளவாக வெட்டிக்கொள்ளலாம் என்பார்கள். மரவரம்புக்குக் கீழே அது நடக்கும்.

பிரமிடைப் பெரிதாக்கி, நிமிர்ந்து நிற்கும் உயரம் கொடுத்து, கூரையில் புகைக்குழாய்க்கு வெப்பம் தாங்கும் துணியில் ஒரு துளை வைத்தால் அதுதான் அடுப்புக் கூடாரம். சந்தையில் அதை டீப்பி என்று விற்கிறார்கள். சமவெளிப் பழங்குடிகளின் டீப்பி பன்னிரண்டு பதினைந்து மரக்கம்பங்களைச் சாய்த்து, எருமைத் தோல் போர்த்தி, உச்சியில் புகை மடல்கள் வைத்தது; கம்பங்களை இழுத்துச் செல்லக் குதிரை வேண்டும். இன்றைய நைலான் டீப்பிக்கு இன்னும் நெருங்கிய முன்னோர் ஒன்று உண்டு. டெக்சாஸில் கமாஞ்சி மக்களின் கூடாரங்களைக் கண்ட ராணுவ அதிகாரி ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி, நடுவே ஒரே கம்பம் வைத்த கூம்புக் கூடாரத்துக்கு 1856-இல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அது பரவலாகப் பயன்பட்டது. அவர் பெயரால் வழங்கும் கூம்பு வடிவ இரும்பு அடுப்பும் உண்டு. ஒற்றைக் கம்பமும் அடுப்பும் சேர்ந்த கூட்டு அப்போதே கைகூடிவிட்டது. மிச்சமிருந்தது எடையைக் குறைப்பது மட்டும். அதைக் கிஃபாரு, சீக் அவுட்சைடு போன்ற கொலராடோ நிறுவனங்கள் சிலிக்கோன் நைலானையும் டைட்டானியத்தையும் கொண்டு செய்துகாட்டின.

டைட்டானியம் எஃகின் எடையில் ஆறு பங்கில் ஏறக்குறைய மூன்றரைப் பங்குதான். காகித மெலிவில் தட்டிய தகடுகளைக் கோத்துப் பெட்டியாக்கி, பாயாகச் சுருட்டிய தகட்டை விரித்துப் புகைக்குழாயாக்கினால் அடுப்பு முழுவதும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். கூரையும் அடுப்பும் சேர்ந்து மூன்று கிலோ. இருவர் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றரை. இதைக் கேட்டதும் இரவு முழுவதும் கதகதப்பாகத் தூங்கலாம் என்று நினைப்பது இயல்பு. அது நடக்காது. அந்தச் சிறு பெட்டியில் ஒரு தடவை அடைக்கும் விறகு அரை மணி நேரம் எரிந்தால் அதிகம். தீ அணைந்த பத்து நிமிடத்தில் உள்ளே வெளியே ஒரே குளிர். உறங்குபையை மெலிதாக எடுத்துக்கொண்டு அடுப்பை நம்பிப் போகிறவர் நடுநிசிக்குமேல் விறகு தள்ளிக்கொண்டே விடியலைப் பார்ப்பார்.

அடுப்பு சூட்டுக்காக அல்ல, உலர்த்துவதற்காக. அக்டோபர் கடைசியில், மூன்று நாள் விடாமல் மழையும் பனியும் கலந்து பெய்த ஒரு வாரம் நினைவிலிருக்கிறது. கூட்டாளி இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும்போது உள்ளாடை வரை நனைந்திருந்தார். கூரையின் உச்சியில் குறுக்கே கட்டிய கயிற்றில் காலுறை, கையுறை, கால்சட்டை எல்லாம் தொங்கின; அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தது; மேலே வைத்த தகரக் குவளையில் ரசப்பொடி கொதித்தது. படுக்கும்போது எல்லாமே காய்ந்திருந்தன. அதே வாரம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நல்ல, விலையுயர்ந்த இரட்டைத் துணிக் கூடாரத்தில் தங்கியிருந்தவர்கள் இரண்டாம் நாளே மலையிறங்கிவிட்டார்கள். அவர்கள் கூடாரத்துக்குள் ஒரு சொட்டு மழை புகவில்லை. ஆனால் உள்ளே கொண்டுவந்த ஈரத்தை வெளியேற்ற வழியில்லை. உறைநிலைக்குச் சற்று மேலே, நனைந்த உடையோடு, பசியோடு இருப்பதுதான் உடல்வெப்பம் இறங்கிப்போவதற்கு மிகப் பொருத்தமான நிலை. கடுங்குளிரைவிட ஈரக்குளிரே மலையில் ஆளைச் சாய்க்கிறது.

அடுப்புக்கும் எல்லைகள் உண்டு. காய்ந்த விறகு வேண்டும். மரவரம்புக்கு மேலே அது வெறும் சுமை. வறண்ட செப்டம்பரில் வனத்துறை தீத்தடை அறிவித்தால், கூடாரத்துக்குள் எரியும் அடுப்பும் அந்தத் தடைக்குள் அடங்குமா என்பதை அந்த வனத்தின் ஆணையைப் படித்துத்தான் அறிய வேண்டும். பறக்கும் பொறி கூரையில் ஊசித்துளை போடும். குழாயின் மேல்முனையில் பொறி தடுக்கும் வலை வைத்தாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கார்பன் மோனாக்சைடு. உச்சித் துளையும் அடிவிளிம்பில் கொஞ்சம் இடைவெளியும் திறந்தே இருக்க வேண்டும். பனி விழுந்து விளிம்பைச் சுற்றி அடைத்துக்கொண்டால் அதைத் தள்ளிவிட வேண்டும். தீ எரியும்போது எல்லோரும் தூங்கிவிடக் கூடாது.

இரட்டைத் துணிக் கூடாரங்கள் இதற்கு எதிர்க்கோடி. வெளியே நீர்தடுப்பு உறை, உள்ளே மூச்சுவிடும் துணியில் தரையோடு தைத்த உள்கூடாரம். இவற்றில் பலவற்றை வளையும் கம்பங்களே நிறுத்துவதால் அவை முளை இறங்காத பாறையிலும் நிற்கும். இருவருக்கான நல்லது ஒன்றரையிலிருந்து மூன்று கிலோ. இவை தம் தகுதியைக் காட்டும் இடம் அலாஸ்கா. டால் ஆட்டு வேட்டைக்குச் சிறு விமானத்தில் இறக்கிவிடப்படுகிறவர்கள் மரமே இல்லாத மலைகளில், நாள்கணக்கில் ஓயாத காற்றில் இருக்க வேண்டும். அங்கே விறகு இல்லை, கயிறு கட்ட மரம் இல்லை. 1971-இல் தொடங்கப்பட்ட சுவீடனின் ஹில்லபர்க் நிறுவனத்துச் சுரங்க வடிவக் கூடாரங்களுக்கு அலாஸ்காவில் பெயர் உண்டானது இதனால்தான்: கம்பங்களை வெளியுறையிலேயே செருகுவதால் மழையில் கட்டினாலும் உள்கூடாரம் நனையாது. முதலில் உள்கூடாரத்தைக் கட்டிப் பிறகு உறை போர்த்தும் வகை எடையில் குறைவு. மழையில் கட்டும்போது அந்த மிச்சத்தின் விலை தெரியும். சான் யுவானில் மரவரம்புக்கு மேலே தங்கி வேட்டையாடுகிறவர்களுக்கும் இந்த வகைதான் சரி. ஆனால் மின்னல் விழும் மதியங்களில் மரவரம்புக்கு மேலே இருக்கவே கூடாது என்பது அந்த ஊர்க்காரர்களின் பாலபாடம்.

எந்த வகையானாலும் உள்பக்கம் வியர்க்கும். ஒரு ஆள் தூங்கும்போது மூச்சிலும் தோலிலும் விடும் ஈரம் ஒரு டம்ளருக்குக் குறையாது. குளிர்ந்த துணியில் பட்டதும் அது துளியாகிறது. புதிதாக வாங்கியவர்கள் காலையில் கையால் தடவிப்பார்த்துவிட்டுக் கூடாரம் ஒழுகுகிறது என்று சண்டைக்குப் போவதுண்டு. காற்றோட்டம்தான் மருந்து. ஒற்றைத் துணிக் கூரைக்குள் படுப்பவர் ஒரு சிறு துண்டு வைத்திருந்து காலையில் துடைத்துவிட வேண்டும். அதற்குமேல் அதில் ரகசியம் இல்லை.

துணியைப் பொறுத்தவரை இன்று மூன்று தேர்வுகள். சிலிக்கோன் ஊட்டிய நைலான் சதுர மீட்டருக்கு 45, 50 கிராம். கிழியாது, சிறிதாக மடியும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் நைலான் தண்ணீரைக் குடிக்கும் இழை. மழை தொடங்கிய ஒரு மணி நேரத்தில் விறைப்பாகக் கட்டிய கூரை நனைந்த வேட்டி மாதிரித் தொய்ந்துவிடும். எழுந்து போய்க் கயிறுகளை மறுபடி இழுக்க வேண்டும். பகலில் ஆளில்லாத முகாமுக்கு இது சின்னக் குறையல்ல. பாலியெஸ்டர் தண்ணீரைக் கிட்டத்தட்ட ஏற்பதே இல்லை, அதனால் தொய்வும் குறைவு. அதே எடையில் நைலானைவிடக் கொஞ்சம் வலு குறைந்தது, அவ்வளவுதான். நாளெல்லாம் நிற்கும் வேட்டை முகாமுக்கு நைலானைவிடப் பாலியெஸ்டரே மேல் என்பது கூட்டாளிகள் இருவரும் கடைசியில் ஒத்துக்கொண்ட சில விஷயங்களில் ஒன்று. மூன்றாவது டைனீமா. படகுப் பாய்களிலிருந்து வந்த இந்தத் துணியில் பாலிஎத்திலீன் இழைகளை இரண்டு மெல்லிய பாலியெஸ்டர் படலங்களுக்கு நடுவே ஒட்டியிருப்பார்கள். சதுர மீட்டருக்கு 20, 30 கிராம்தான், நனையாது, தொய்யாது. விலை சிலிக்கோன் நைலானைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மடித்தால் பருமனாக இருக்கும், உராய்வில் தேயும். அதன் இழை ஏறக்குறைய 145 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் அடுப்புக்குப் பக்கத்தில் வரவே கூடாது. நைலானும் பாலியெஸ்டரும் 200 டிகிரிக்கு மேல்தான் உருகும். மெல்லிய டைனீமா ஒளியை ஊடுருவ விடுவது இன்னொரு சங்கடம். உள்ளே விளக்கு ஏற்றினால் பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரியும். மானினங்களுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது, நீலம் நன்றாகவே தெரியும். ஆகவே மண்ணின் நிறமோ காய்ந்த புல்லின் நிறமோ உள்ள கூரை போதுமானது. இலை தழை அச்சிட்ட துணிக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

சில்லறைச் சாமான்களில் முளையை அலட்சியம் செய்பவர்கள் அதிகம். ஒற்றைக் கம்பக் கூரை முழுவதும் முளைகளை நம்பி நிற்கிறது. ஊசிபோன்ற டைட்டானியம் கம்பி முளைகள் கெட்டித் தரையில் இறங்கும், சதுப்பில் பிடிக்காது. மூன்று விளிம்புள்ள அலுமினிய முளை எங்கும் பிடிக்கும், உறைந்த தரையில் வளையும். காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தில் நீளமானவற்றை அடித்து மேலே கல் ஏற்றுவது பழக்கம். பனியில் முளை நிற்காது. ஒரு குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டிப் படுக்கைவசமாகப் புதைத்து மிதித்துவிட்டால் அரை மணி நேரத்தில் பனி இறுகிப் பிடித்துக்கொள்ளும். தையல்கள் இன்னொரு விஷயம். சிலிக்கோன் துணியில் நாடா ஒட்டாது என்பதால் பல கூரைகள் தையல் அடைக்கப்படாமலே வரும். சிலிக்கோன் பசையை மினரல் ஸ்பிரிட்டில் கரைத்துத் தூரிகையால் வெளிப்புறத் தையலில் பூசி ஒரு நாள் காயவிடும் வேலையை வீட்டிலேயே முடிக்க வேண்டும்.

இறைச்சியும் உணவும் கூடாரத்துக்குள் வரக் கூடாது. கொலராடோவில் கடைசியாகத் தெரிந்த கிரிஸ்லி கரடி 1979-இல் இதே சான் யுவான் பகுதியில் கொல்லப்பட்டது. இப்போது இருப்பவை கருங்கரடிகள். அவற்றுக்கும் மூக்கு உண்டு. மொன்டானா, வயோமிங் பக்கம் கிரிஸ்லி இருப்பதால் பல வனங்களில் உணவையும் இறைச்சியையும் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் தொங்கவிட வேண்டும் என்பது விதி. இறைச்சி முகாமிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, நிழலில், காற்றுப்படும்படி துணிப்பையில் தொங்க வேண்டும், மழைபட்டால் கெடும். அதனால் எந்தக் கூடாரம் கொண்டுபோனாலும் கூடவே இரண்டு மீட்டர் சதுரத்தில் ஒரு சிறு தார்ப்பாய் வேண்டும். 200, 250 கிராம்தான். கூடாரத்தின் எடையைச் சொல்லும்போது இதைச் சேர்க்காமல் சொல்வது பாதிக் கணக்கு.

கணக்கு என்று வரும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உற்பத்தியாளர் அச்சிடும் எடையில் முளை, கயிறு, பை பல நேரம் சேர்வதில்லை. கம்பம், தரையில் விரிக்கும் மெல்லிய பாலித்தீன், எலிக்கும் பூச்சிக்கும் பயந்தால் வலைக் கூடு எல்லாம் சேர்த்தால் 700 கிராம் பிரமிடு 1,200 கிராமில் வந்து நிற்கும். தனியாளாக, செப்டம்பரில், தினமும் இடம் மாறிப் போகிறவருக்கு அந்தப் பிரமிடோ தார்ப்பாயோ போதும். இருவர், ஒரே இடத்தில் தங்கி, அக்டோபர் நடுவுக்குமேல், மரவரம்புக்குக் கீழே என்றால் அடுப்புக் கூடாரத்தைச் சுமப்பதில் தயக்கமே வேண்டாம். மரமில்லாத உயரமும் ஓயாத காற்றும் என்றால் சுரங்கக் கூடாரம். மூன்று பேருக்குமேல் என்றால் ஒரு பெரிய கூரையைவிட இரண்டு சிறியவை நல்லது. சிறியவற்றுக்கு இடம் கிடைக்கும். விடியலுக்கு முன் கிளம்புகிறவர் மற்றவர்களை எழுப்பாமல் போகலாம். ஒருவர் குறட்டையை மற்றவர் சகிக்க வேண்டியதும் இல்லை.

பருவம் முடிந்து வீடு திரும்பியதும் கூரையைப் பையிலிருந்து உருவி, கொட்டகையிலோ முற்றத்திலோ இரண்டு நாள் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்; பாலியூரித்தேன் பூச்சுள்ள தரைத்துணிகள் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து நாறத் தொடங்கும், அதற்கு மருந்தில்லை. காய்ந்த பிறகு வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பொறி பட்ட ஊசித்துளைகள் புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு சிலிக்கோன் வைத்து, வளைந்த முளைகளை நிமிர்த்தி, கயிறுகளில் தேய்ந்ததை மாற்றி, இறுக்கிச் சுருட்டாமல் தளர்வான ஒரு துணிப்பையில் போட்டு வைத்தால் அடுத்த செப்டம்பருக்கு அது தயார்.